தண்ணி நெறைய இருக்குதாம்

முழுகாம இருக்கான்னு ஒரு பொம்பளயப் பத்தி நாலு பேர் பேசினா அதுக்கு ஒரே அர்த்தம்தான், வயித்துல புள்ள. கல்யாணம் ஆகி இருபது வருஷமா அந்தப் பேச்சு என் பக்கம் வரவே இல்ல. நாப்பத்திரெண்டாவது வயசுல, ஒரு சித்திரை மாசம் எனக்குத் தீட்டு வரல. வைகாசியும் வரல. ஆனி பொறந்தப்ப நாள் எண்றதையே விட்டுட்டேன். எண்ணுனா கலஞ்சிடுமோன்னு ஒரு பயம், வேற ஒண்ணும் இல்ல.

நான் தையக்காரி. மரக்காணத்துல ஈ.சி.ஆர். ரோட்டுலேருந்து உள்ள திரும்புற ஒரு தெருவுல, வூட்டு முன்ரூமுதான் என் கட. ஜாக்கெட்டு, சுடிதாரு, நைட்டி, ஸ்கூல் யூனிபாரம் எல்லாம் தைப்பேன். இந்தத் தெருவுல எவ முழுகாம இருக்கான்னு அவ மாமியாருக்குத் தெரியறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியும். கவர்ல ஜாக்கெட்ட சுருட்டிக்கிட்டு வந்து, சைடு தையல கொஞ்சம் பிரிச்சு விடுக்கான்னு தலையக் குனிஞ்சுக்கிட்டு சொல்லுவாளுங்க. நானும் ஒண்ணும் கேக்காம பிரிச்சு விடுவேன். அந்த ஆனியில என் ஜாக்கெட்டோட கீழ்ப்பட்டியவே நான் பிரிச்சேன். வாசக் கதவ சாத்திட்டு வந்து பிரிச்சேன்.

இதுல ஒரு விஷயம் இருக்குது. முழுகாம இருக்குறவளுக்கு இடுப்போட சேந்து கையும் சத போடும். ஜாக்கெட்டுக் கையையும் ஒரு நூல் அளவு பிரிச்சுத்தான் விடுவோம். எனக்கு இடுப்பு டைட்டாவுது, கை மட்டும் லூசாவுது. வயசானவளுக்கு இப்பிடித்தான் இருக்கும்போலன்னு நானே எனக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கிட்டேன். ஆசப்பட்டவளுக்கு சமாதானத்துக்கா பஞ்சம்?

மத்ததெல்லாம் புள்ளத்தாச்சிக்கு இருக்குற மாதிரியேதான் இருந்துச்சு. மீன் வறுக்குற வாசன வந்தா கொமட்டும். ரெண்டு வாய் சோறு எறங்குனா வயிறு ரொம்பிடும். மத்தியானம் மிஷின்ல உக்காந்தபடியே தூங்கி வழிவேன். சாயங்காலமானா செருப்பு வாரு கால்ல பதிஞ்சு நிக்கும். இது எந்த நோய்க்கு அடையாளம்னு அப்ப எவனாவது கேட்டிருந்தா, போடா வேலயப் பாத்துக்கிட்டுன்னு சொல்லியிருப்பேன்.

மெடிக்கல்ல டெஸ்ட் அட்ட விக்கிறானே, அதுல மூத்திரம் ரெண்டு சொட்டு வுட்டுப் பாத்திருக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. நான் பாக்காத அட்டயா? ரெண்டு கோடு விழுந்தா உண்டு, ஒத்தக் கோடு விழுந்தா இல்ல. எனக்கு விழுந்ததெல்லாம் ஒத்தக் கோடு. கடசியா ஒண்ணப் பாத்துட்டு, இனிமே இந்த எழவ கையால தொடமாட்டேன்னு குப்பையில கடாசினேன். அது ஆகிப்போச்சு பல வருஷம். இந்தத் தடவ எனக்கு எந்த அட்டையும் வேணாம்னு வைராக்கியமா இருந்தேன். ஊர் நர்சம்மா தெருவுல வர்றது தெரிஞ்சா உள்ள போயிடுவேன். பாத்தா பேர் எழுதணும்பாங்க, டெஸ்ட்டுன்னுவாங்க. அஞ்சாவது மாசம் வரைக்கும் யாருக்கும் வெளிய சொல்லக் கூடாது, கண்ணு பட்டுடும்னு எங்க பக்கம் ஒரு பழக்கம். அது எனக்கு வசதியாப் போச்சு.

எங்க வூட்டுக்காரருக்கு மட்டும் சொன்னேன். அவரு உப்பளத்துல மோட்டார் ஓட்டுறவரு. நெலத்தடித் தண்ணிய எறைச்சு உப்புப் பாத்திங்களுக்கு வுடுறது அவரு வேல. வேல முடிஞ்சு வந்து கால் கழுவிக்கிட்டு இருந்தாரு, பின்னாடி போய் நின்னு சொன்னேன். கழுவுன காலையே மறுபடி கழுவிக்கிட்டு நின்னாரு. மறுநாள்லேருந்து தண்ணிக் கொடத்த நான் தொட்டா வுட மாட்டாரு. ஞாயித்துக்கெழம உப்பளத்து ஆளுங்களோட சேந்து ஒரு குவார்ட்டர் போடுற பழக்கம் உண்டு, அதையும் விட்டுட்டாரு.

ஆடி பொறந்ததும் ஒரு நச்சரிப்பு ஆரம்பிச்சாரு. டாக்டர்கிட்ட போலாம், ஒரு தடவ காட்டிட்டு வந்துடலாம்னு தெனமும் அதே பாட்டு. அஞ்சு மாசம் ஆவட்டும், ஆடியில எவளாவது போவாளான்னு நான் எரிஞ்சு விழுவேன். மறுநாள் சோத்துல கை வெச்சதும் திரும்பவும் ஆரம்பிப்பாரு. இந்த மனுஷனுக்கு என்னவிட அவசரம்னு உள்ளுக்குள்ள எனக்கு சிரிப்புதான்.

ஆவணியில திண்டிவனத்துல ஒரு லேடி டாக்டர்கிட்ட போனோம். அன்னைக்கு உக்கார எடமில்லாத கூட்டம். அந்தம்மா என் கண்ணு இமைய கீழ இழுத்துப் பாத்தாங்க. கால் எலும்பு மேல கட்டவெரல வெச்சு அழுத்தினாங்க. வயித்து மேல ஒரு கையப் பரப்பி வெச்சு அது மேல இன்னொரு வெரலால தட்டினாங்க, பக்கவாட்டுல படுக்க வெச்சு மறுபடியும் தட்டினாங்க. எவ்ளோ நாளான்னு கேட்டதுக்கு அஞ்சு மாசம்னேன். நர்சக் கூப்ட்டு யூரின் வாங்கிக்கச் சொல்லிட்டு, வயிறு முழுக்க ஸ்கேன் எடுத்துட்டு வாம்மா, வந்தப்புறம் பேசலாம்னாங்க. மொகத்துல சிரிப்பு இல்ல. இத்தினி கூட்டத்துல யாருக்குத்தான் சிரிப்பு வரும்னு நெனச்சுக்கிட்டு வந்துட்டேன்.

ஸ்கேன் சென்டர்ல, கருவுல இருக்குறது ஆணா பொண்ணான்னு சொல்ல மாட்டோம்னு பெரிய போர்டு. அதுக்குக் கீழ பெஞ்சு பூரா வயிறும் வாட்டர் பாட்டிலுமா பொம்பளைங்க. ஸ்கேனுக்கு மூத்திரம் முட்டிக்கிட்டு நிக்கணுமில்ல, அதனால எல்லாரும் மொடக் மொடக்குன்னு குடிச்சுக்கிட்டு இருந்தாளுங்க. எத்தினியோ நாளு இந்த மாதிரி பெஞ்சுங்களத் தாண்டிப் போயிருக்கேன், வேற டிப்பார்ட்மெண்டுக்கு, புள்ள இல்லாதவங்க போறதுக்கு. அன்னைக்குத்தான் அதுல உக்காந்தேன்.

என் பக்கத்துல ஒரு முஸ்லிம் பொண்ணு, கூட அவங்க அம்மா. எத்தனாவது மாசம்க்கான்னு கேட்டா. அஞ்சுன்னேன். இத்தினி நாளா மனசுக்குள்ளயே வெச்சிருந்தத ஒரு வெளியாள்கிட்ட சொன்னது அதுதான் மொத தடவ. மொதல் புள்ளயான்னா. ஆமான்னேன். என் நரமுடியப் பாத்து சிரிப்பாளோன்னு பயந்தேன். அவ மாஷா அல்லான்னு சொல்லி என் கையப் புடிச்சா. போன ஸ்கேன்ல அவளுக்குத் தண்ணி கம்மின்னு சொல்லிட்டாங்களாம். புள்ளயச் சுத்தி இருக்குற பனிக்குடத் தண்ணி. எளநி குடி, தண்ணி குடின்னு சொல்லி அனுப்பினாங்களாம், இன்னைக்குத் திரும்பப் பாக்க வந்திருக்கா. உள்ள போனா தண்ணி எப்பிடி இருக்குதுன்னு மறக்காம கேளுங்கக்கா, அவங்களா சொல்ல மாட்டாங்கன்னு எனக்கு சொல்லிக் குடுத்தா.

உள்ள இருட்டு ரூமு. ஸ்கேன் டாக்டர் வயித்துல சில்லுன்னு பசையத் தடவி, மிஷின எடுத்து வலது பக்கம் வெலாவுக்குக் கீழ வெச்சாரு. புள்ள அம்மாம் மேலயா இருக்குதுன்னு நெனச்சேன். மூச்ச இழு, புடி, வுடுன்னாரு. பக்கத்துல டைப் அடிக்கிற பொண்ணுக்கு இங்கிலீசுல என்னமோ நம்பர் சொல்லிக்கிட்டே போனாரு. நடுவுல, குடிப்பழக்கம் உண்டாம்மான்னு கேட்டாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. வயித்தத் தள்ளிக்கிட்டு வந்து படுத்திருக்குற பொம்பளகிட்ட கேக்குற கேள்வியா இது? எங்க வம்சத்துலயே பொம்பளைங்க யாரும் தொட்டதில்லீங்கன்னு வெடுக்குன்னு சொன்னேன். சின்ன வயசுல மஞ்சக்காமால வந்துச்சான்னாரு. வந்துச்சோ என்னமோன்னேன்.

அவரு மிஷின எடுத்து வெச்சு, துணி குடுத்து தொடச்சுக்கச் சொன்னாரு. அப்பதான் ஞாபகம் வந்து கேட்டேன், "தண்ணி எப்பிடி இருக்குது டாக்டர்?"

அவரு மொத தடவயா என் மொகத்தப் பாத்தாரு. "நெறைய இருக்குதும்மா" அப்டின்னாரு.

கையெடுத்துக் கும்பிட்டேன் அவர. இந்தம்மா விஷயம் எல்லாம் தெரிஞ்சுதான் வந்திருக்காங்கன்னு அவரு நெனச்சிருப்பாரு. அவர் மேல ஒரு தப்பும் இல்ல. அவரு சொன்னதும் தண்ணிதான், நான் கேட்டதும் தண்ணிதான்.

வெளிய வந்ததும் எங்க வூட்டுக்காரரு எழுந்து நின்னாரு. தண்ணி நெறைய இருக்குதாம்னேன். சரின்னாரு. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் சரின்னாரு. அந்தப் பொண்ணுக்கும் சொன்னேன். தன்னோட கவலையில இருந்தவ, எனக்காக அப்பிடி சந்தோஷப்பட்டா. அவங்க அம்மா பையிலேருந்து மருமகன் துபாய்லேருந்து அனுப்பின பேரீச்சம்பழத்த எடுத்து என் கையில வெச்சாங்க. ஒண்ண எங்க வூட்டுக்காரருக்குக் குடுத்தேன். அவரு அதத் தின்னாம கையிலயே வெச்சுக்கிட்டு இருந்தாரு.

லேடி டாக்டர் ரிப்போர்ட்டப் படிச்சுட்டு, கதவச் சாத்திட்டு வான்னு நர்சுகிட்ட சொன்னாங்க. அப்புறம் என் கையப் புடிச்சுக்கிட்டு சொன்னாங்க, "இது புள்ளத் தண்ணி இல்லம்மா. ஈரல் கெட்டுப்போய் வயித்துல சேந்திருக்குற தண்ணி. கர்ப்பப்பையில ஒண்ணும் இல்ல."

நான் சண்ட போட்டேன். மிஷின் தப்பு, அந்த ஆளு மேலயே வெச்சுப் பாத்தாரு, கீழ சரியாப் பாக்கலன்னேன். உங்க தொழில் உங்களுக்கு, என் வயிறு எனக்குன்னேன். அந்தம்மா கோவப்படல. காலையில குடுத்த யூரின்ல போட்ட அட்டய நர்சு கொண்டாந்து மேச மேல வெச்சா. ஒத்தக் கோடு. நான் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். எங்க வூட்டுக்காரரு என் தோள்ல கை வெச்சாரு, தட்டி வுட்டேன்.

பஸ் ஏறி உக்காந்ததும் என் கோவம் அவரு மேல திரும்புச்சு. ஈரல் கெடறது குடிகாரனுக்கு வர்ற நோயி. ஊரே அப்பிடித்தான் சொல்லுது. கல்யாணமான நாள்லேருந்து நான் அவர நீன்னு கூப்பிட்டதில்ல. அன்னைக்குக் கூப்பிட்டேன். "குடிச்சவன் நீ, ஈரல் போனது எனக்கா?" முன்சீட்டுக்காரங்க திரும்பிப் பாத்தாங்க. அவரு ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு.

அப்புறம் புரட்டாசியில, பாண்டியில பெரிய ஆஸ்பத்திரி, ஈரலுக்குன்னே இருக்குற டிப்பார்ட்மெண்டு. ரத்தம் எடுத்தாங்க, மறுபடியும் எடுத்தாங்க. வயித்துல மெல்லிசா ஒரு ஊசி குத்தி கொஞ்சம் தண்ணி எடுத்துப் பாத்தாங்க. கடசியில பெரிய டாக்டர் கூப்பிட்டு உக்கார வெச்சு சொன்னாரு. குடிக்கு இதுல சம்பந்தமே இல்ல. மஞ்சக்காமாலக் கிருமி, ஹெபடைடிஸ் 'பி'ன்னு பேரு. சத்தம் போடாம வருஷக்கணக்கா ஈரல்ல குடியிருந்து, ஈரல் தழும்பு தழும்பா ஆகி கட்டியாப் போயிருக்குது. கொடலுலேருந்து ஈரல் வழியாப் போக வேண்டிய ரத்தம் போக முடியாம எதுத்துக்கிட்டு நிக்குது. அதனால மண்ணீரல் வீங்கிப்போச்சு, ரத்தத்துல பிளேட்லெட்டு கொறஞ்சுபோச்சு, தண்ணி கசிஞ்சு வயித்துல சேருது. தீட்டு நின்னதும் ஈரல் கெட்டதாலதான். எங்க வூட்டுக்காரருக்கு தண்ணி கசியற விஷயம் சட்டுன்னு புரிஞ்சிடுச்சு. வாய்க்கா அடச்சுக்கிட்டா வரப்பு கசியுமே, அந்த மாதிரிங்களான்னாரு. அதேதான்னாரு டாக்டர்.

வெளிய உக்காந்திருந்தவங்க, ஊசியால ஈரல ஒரு துண்டு வெட்டி எடுப்பாங்கன்னு பயமுறுத்தி வெச்சிருந்தாங்க. அத நான் கேட்டுட்டேன். முன்னெல்லாம் அதுதான் வழி, இப்ப ரத்தம், ஸ்கேன், ஃபைப்ரோஸ்கேன்னு ஒரு மிஷின், இதுங்க சொல்றதே உங்க விஷயத்துல போதும்னாரு. அந்த மிஷின் வெலாவுல லேசா ஒரு தட்டு தட்டி, அந்தத் தட்டு ஈரலுக்குள்ள எவ்ளோ வேகமா ஓடுதுன்னு பாக்குமாம். கெட்டியா இருந்தா வேகமா ஓடுமாம். ஆனா நடுவுல தண்ணி நின்னா தட்டு ஈரல் வரைக்கும் போய்ச் சேராது. மொதல்ல தண்ணி வத்தட்டும், அப்புறம் அளந்துக்கலாம்னு தள்ளி வெச்சுட்டாரு.

வூட்ல வேற யாருக்காவது இப்பிடி இருந்துச்சான்னு கேட்டாரு. எங்க அம்மாவச் சொன்னேன். எனக்குக் கல்யாணமான வருஷம் அவங்க வயிறு வீங்கித்தான் செத்தாங்க. யாரோ மருந்து வெச்சுட்டாங்கன்னு சொந்தக்காரங்க எல்லாம் சொன்னாங்க. மருந்து எடுக்குறவன்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனோம். அவன் வயித்துல வாய வெச்சு உறிஞ்சி, என்னமோ மயிர்க்கட்டியத் துப்பிக் காட்டினான். நாங்களும் நம்பிக்கிட்டு வந்தோம். டாக்டர் எல்லாத்தையும் கேட்டுட்டு, அனேகமா நீங்க பொறந்தப்பவே உங்க அம்மாகிட்டேருந்து வந்திருக்கும்னாரு. இப்பல்லாம் கொழந்த பொறந்த அன்னைக்கே ஊசி போட்டு அத தடுத்துடுறாங்களாம். அதக் கேட்டதும் எனக்கு அழுக வந்துச்சு. எந்தக் கொழந்தைக்கு?

கால் வீக்கம் எப்பலேருந்துன்னு டாக்டர் கேட்டாரு. நான் யோசிக்கறதுக்குள்ள எங்க வூட்டுக்காரரு சொல்லிட்டாரு. ஆனி மாசத்துலேருந்துங்க, கட்டவெரலால அழுத்துனா குழி வுழுந்து நிக்கும்னாரு. டாக்டர் எழுதிக்கிட்டாரு. என் தல வேற எங்கியோ இருந்துச்சு. அந்தப் பதிலு அன்னைக்கு எனக்கு ஒறைக்கவே இல்ல.

அவருக்கும் ரத்தம் பாத்தாங்க. கிருமி இல்ல, ஈரல் நல்லா இருக்குதுன்னாங்க. இனிமே வராம இருக்க ஊசி போட்டாங்க. எனக்குக் கிருமிய அடக்க தெனம் ஒரு மாத்திர, மூத்திரமா தண்ணிய எறக்க இன்னும் ரெண்டு மாத்திர. அதோட, உப்பக் கொறச்சாகணும்னாங்க.

எங்க ஊர்ல வந்து இத சொல்லணும்! உப்ப மலையாக் குவிச்சு கீத்து போட்டு மூடி வெச்சிருக்குற ஊரு. கருவாடு கூடாது, ஊறுகா கூடாது, அப்பளம் கூடாது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சொல்லிட்டு மொத நாளு தட்டத் தள்ளி வுட்டேன். அந்தக் கொழம்பையே அவரும் ஊத்திக்கிட்டு, ஒண்ணுமே தெரியாத மாதிரி சாப்ட்டுட்டு எழுந்து போனாரு. அவருக்குத் தனியா உப்பு போட்டு வெக்கறேன்னேன். நாளெல்லாம் உப்புலதான நிக்கிறேன், வாயில வேற எதுக்குன்னாரு. அதுலேருந்து எங்க வூட்ல எல்லாம் ஒரே ஒலதான்.

யாருக்கும் சொல்லாம வெச்சிருந்தது ஒரு விதத்துல நல்லதாப் போச்சு, எவளுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல. ஆனா துக்கம் கேக்கவும் யாரும் வரல. ஒரு உசுரு போனா நாலு பேர் வந்து உக்காந்து அழுவாங்க. இல்லவே இல்லாத ஒண்ணுக்கு யாரு வந்து அழறது? கஸ்டமருங்க வர்றப்ப எல்லாம் ஈரல்ல கொஞ்சம் ப்ராப்ளம்னு சொல்லுவேன். கீழாநெல்லி அரச்சுக் குடின்னு ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்லிட்டுப் போவாங்க. சரி சரின்னு கேட்டுக்கிட்டு, டாக்டர் குடுத்தத முழுங்குவேன்.

தெனம் காலையில எட போட்டு, வயித்த அளந்து வெக்கச் சொல்லியிருந்தாங்க. அளக்கறதுதான என் தொழிலு. டேப்ப எடுத்து தொப்புளுக்கு நேரா சுத்திப் பாப்பேன். ஒரு இஞ்சு கொறஞ்சா டாக்டருக்கு சந்தோஷம். எனக்கு அது வெளிய சொல்ல முடியாத வேதன. அது வெறும் தண்ணின்னு புத்திக்குத் தெரியுது. கொறையறப்ப மனசு கேக்க மாட்டேங்குது. ஐப்பசி, கார்த்திகை மழையில உப்பளத்துல வேல நின்னு அவரு வூட்ல இருந்தாரு. அளக்கற நேரம் மட்டும் எழுந்து வெளிய போயிடுவாரு. தை பொறந்தப்ப, பிரிச்ச ஜாக்கெட்டையெல்லாம் எடுத்து மறுபடி தையல் போட்டேன்.

மாசி மாசம் ஒரு நாளு தீட்டு வந்துச்சு. இருபது வருஷமா மாசாமாசம் அதப் பாத்து ஒடிஞ்சு போனவ நான். அன்னைக்கும் அழுதேன். ஆனா அழுகையில பாதி என்ன அழுகன்னு எனக்கே தெரியல. டாக்டர்கிட்ட சொன்னதுக்கு, ரொம்ப நல்ல அறிகுறிம்மா, ஈரல் தேறுதுன்னு சொன்னாரு. வயித்துல தண்ணி இல்லன்னு ஸ்கேன்லயும் தெரிஞ்சுது. இனிமே அந்த மிஷின்ல பாக்கலாம்னாரு.

வெறும் வயித்துல போனோம். மல்லாக்கப் படுத்து வலது கையத் தலைக்கு மேல வெக்கச் சொன்னாங்க. வெலா எலும்புங்களுக்கு நடுவுல பேனா மாதிரி ஒண்ண வெச்சு அமுக்கினா ஒரு பொண்ணு. டப்புன்னு ஒரு தட்டு. யாரோ வெரலால சுண்டி வுட்ட மாதிரிதான் இருந்துச்சு. திரும்பத் திரும்ப தட்டுச்சு. வலியே இல்ல. இவ்ளோதானான்னு கேட்டேன், இவ்ளோதான்கான்னா.

நல்ல ஈரலுக்கு அஞ்சு, ஆறுன்னு இருக்குமாம். எனக்கு இருபத்திரெண்டு. கிருமி அடங்கிடுச்சு, தண்ணி வத்திடுச்சு, ஆனா தழும்பு தழும்புதான்னு டாக்டர் சொன்னாரு. மாத்திரய நிறுத்தவே கூடாது. நாளாக நாளாக இந்த எண்ணு எறங்கலாம், பழையபடி புதுசா ஆவும்னு அவரு சொல்லல. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ ஸ்கேன் எடுத்து, ஈரல்ல கட்டி எதுவும் மொளைக்கலன்னு பாத்துக்கிட்டே இருக்கணும். இந்த எண்ணும் கொறவா இருந்து பிளேட்லெட்டும் நெறைய இருந்தா தொண்டையில கொழா விட்டுப் பாக்காமலே வுட்டுடலாமாம். எனக்கு ரெண்டுமே சரியில்ல. அதனால தொண்ட வழியா கொழா விட்டு, நரம்பு எதுவும் பொடச்சுக்கிட்டு ரத்தம் கக்குற மாதிரி இருக்குதான்னு பாத்தாங்க. சின்னதாத்தான் இருக்குது, மாத்திரயிலயே சமாளிக்கலாம்னாங்க. கெளம்பும்போது டாக்டர் ஒண்ணு சொன்னாரு. திட்டறதுக்காகச் சொல்லல. மூணு மாசம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா இந்தத் தண்ணி இவ்ளோ சேர்றதுக்கு முன்னாடியே புடிச்சிருக்கலாம்மா, ஈரலும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்னாரு.

பஸ்ஸு பாண்டியத் தாண்டினதும் எனக்கு அந்த மூணு மாசம் மண்டைக்குள்ள ஓடிச்சு. பாண்டிக்கு மொதல்ல வந்தது புரட்டாசி, அதுக்கு மூணு மாசம் முன்னாடின்னா ஆனி வருது. ஆனின்னதும், அன்னைக்கு டாக்டர்கிட்ட அவரு சொன்ன பதிலு பளிச்சுன்னு வந்து நின்னுச்சு. கால் வீங்குதுன்னு நான் அவருகிட்ட சொன்னதே இல்லயே. கால்ல குழி வுழுறது உங்களுக்கு எப்பிடித் தெரியும்னு கேட்டேன்.

கையில இருந்த டிக்கெட்ட நாலா மடிச்சாரு. அப்புறம் சொன்னாரு. மத்தியானம் சோத்துக்கு வர்றப்ப நான் அசந்து தூங்குனா அழுத்திப் பாப்பாராம். எங்க அம்மாவ கடசி நாள்ல ஆட்டோவுல தூக்கிப் போட்டவரு அவருதான். அந்தக் கால் மாதிரியே இருந்துச்சுன்னாரு.

"தெரிஞ்சுக்கிட்டேதான் என்ன அந்த பெஞ்சுல உக்கார வுட்டீங்களா?"

"டாக்டர்கிட்ட போலாம்னு தெனம் சொன்னேன். அதுக்கு மேல வாய் வரல. நீ தைக்கும்போது வயித்தப் பாத்து அதுகிட்ட பேசிக்கிட்டு இருப்பே. வாசல்ல நின்னு கேப்பேன். மிஷின் சத்தத்துல வார்த்த ஒண்ணும் புரியாது. உள்ள வராம திரும்ப உப்பளத்துக்கே போயிடுவேன்."

ஊரு வந்துச்சு. நான் அவருக்கு நிக்காம எறங்கி விறுவிறுன்னு நடந்து வந்துட்டேன். அன்னைக்கும் பேசல, மறுநாளும் பேசல. என் உசுர வெச்சு வெளயாடிட்டான் இந்த ஆளுன்னு கொதிச்சுக்கிட்டு இருந்தேன். மிஷின்ல உக்காந்தா நூலு அறுந்துக்கிட்டே இருந்துச்சு. அடிக்கடி அறுந்தா மனசு சரியில்லன்னு அர்த்தம், எழுந்துட்டேன்.

எங்க அம்மா கால அவரு ஒரு நாளுதான் தூக்கினாரு. நான் மாசக்கணக்கா கழுவி விட்டவ. அந்தக் குழிய என் வெரலுக்குத் தெரியாதா? கை லூசாவுறது என் கண்ணுக்குத் தெரியாதா? எனக்கு வேணாம்னு இருந்துச்சு, நான் பாக்கல. அவரு பாத்தாரு, சொல்ல முடியல. ரெண்டு பேரும் சேந்துதான் அந்த மூணு மாசத்த உண்டாக்கினோம். யோசிச்சுப் பாத்தா, இந்தக் கல்யாணத்துல நாங்க சேந்து உண்டாக்கினது அது ஒண்ணுதான்.

அடுத்த நாள் சாயங்காலம் சோறு போடும்போது சொல்லிட்டேன். ஈரலு போனது போச்சு, அதுக்கு மாத்திர இருக்குது. ஆனா நான் புள்ளத்தாச்சியா இருந்த அந்த மூணு மாசத்த யாராவது திருப்பிக் கேட்டா குடுக்க மாட்டேன், டாக்டரே கேட்டாலும் குடுக்க மாட்டேன்னேன். அவரு கைய சோத்துலயே வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு.

தலையத் தூக்காமலே கேட்டாரு, "அதுகிட்ட இன்னாதான் பேசிக்கிட்டு இருந்தே?"

"உங்களப் பத்தித்தான்"னேன்.

ஸ்கேன் சென்டர்ல அழாதவரு, பாண்டி ஆஸ்பத்திரியில அழாதவரு, அப்ப அழுதாரு.